கோணமலைக்குப் போறம்: எந்த வழி, எந்த நேரம், எந்தக் கதை?

வவுனியாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பிள்ளையளின்ர லீவுக்குத் திருகோணமலை வாறம். நானும் மனிசியும் ரெண்டு பிள்ளையளும், கூட அம்மாவும். முந்தி வந்த நேரமெல்லாம் வான் நேரா மேல கொண்டுபோய் விடும். கும்பிடுவம், கடலை எட்டிப் பாப்பம், மானுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுப்பம், பிறகு நிலாவெளிக்கு ஓட்டம். இந்தமுறை கோணேசர் கோயில் இருக்கிற கோணமலைக்கெண்டே ஒரு நாளை ஒதுக்க யோசிக்கிறன். கீழயிருந்து நடந்து ஏறலாமோ? எத்தினை மணிக்குப் போனா நல்லம்? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மூத்தவன் இராவணன்ர கதையெல்லாம் படிச்சுப்போட்டு மலையில இருக்கிற இராவணன் வெட்டெண்ட பிளவைப் பற்றி "அந்த வெட்டு உண்மையா வாளால வெட்டினதோ?" எண்டு கேட்டபடி இருக்கிறான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் அதே நாளில பாக்கலாமோ?

உவர்மலையான்:
வாங்கோ தம்பி. முதல்ல ஒரு விசயம். அது பெரிய ஏற்றமில்லை. கடலுக்கு மேல நூறு மீற்றரைக் கொஞ்சம் தாண்டின உயரம்தான். தார் றோட்டு மேல மட்டும் போகுது. கோயில் மலை கோட்டைக்குள்ளதான் இருக்கு, பஸ் ஸ்ராண்டிலயிருந்து கோட்டை வாசல் நடக்கிற தூரம். அதனால வானை வெளியில விட்டிட்டு வாசலிலயிருந்து நடவுங்கோ. வானுக்குள்ள இருந்து போறவைக்கு அந்த வாசலே கண்ணில படாது. என்னைக் கேட்டா மலையின்ர பாதிக் கதை அந்த வாசலிலதான் இருக்கு.

வாசல் வளைவுக்கு மேல 1675 எண்டு பொறிச்சிருக்கும். அது ஒல்லாந்தற்ற காலம். அதைப் பாத்திட்டு உடன உள்ள போகாதேங்கோ, வாசல் சுவரின்ர கல்லைப் பாருங்கோ. ரெட்டைக் கயல் செதுக்கின கல்லும், அரைகுறையாத் தமிழ் எழுத்துள்ள கல்லும் இருக்கு. அது கோட்டைக்கெண்டு கொத்தின கல்லில்லை, கோயில் கல். போர்த்துக்கேயர் 1620களில மலையில இருந்த கோயிலை இடிச்சு, 1624இல அவையின்ர தளபதி கொன்ஸ்தந்தைன் டி சா காலத்தில அந்தக் கல்லுகளையே வைச்சுக் கோட்டையைக் கட்டினவை. அந்த எழுத்துத்தான் "முன்னே குளக்கோட்டன்" எண்டு தொடங்கிற பாட்டு. குளக்கோட்டன் எண்ட பழைய அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் எண்டு வரிசையா வருவாங்கள் எண்டு அது சொல்லுது. கல்லில முழுப் பாட்டும் இல்லை, கொஞ்ச எழுத்துத்தான் மிச்சம். மிச்சத்தை ஊர் பாடமாக்கி வைச்சிருக்கு. அம்மாவுக்கு அந்தப் பாட்டு வரும் எண்டு நினைக்கிறன், கேட்டுப் பாருங்கோ.

நேரம்: காலமை வெள்ளென, இல்லாட்டிப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு. மத்தியானம் நடையும் சாத்தியிருக்கும், வெயிலும் கொளுத்தும்.

கச்சான்கோது:
மானைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன். கையில பூமாலை, வாழைப்பழம் எண்டு பை கொண்டு போனா அது அர்ச்சனைக்குப் போகாது, மானுக்குத்தான் போகும். என்ர மச்சாள் ஐயரிட்டப் போகேக்க தேங்காய் மட்டும்தான் மிச்சம்.

மூதூர்ப்பொண்ணு:
@கச்சான்கோது சிரிக்கிற விசயமில்லை. பொலித்தீன் பையோடயே விழுங்குதுகள். கோட்டைக்குள்ள மேய்ச்சல் காணாமல் டவுண் றோட்டுக்கும் வருகுதுகள், இரவில வாகனத்தில அடிபடுதுகள். வவுனியா அண்ணை, பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ, பிஸ்கட் குடுக்கிறது பாசமில்லை எண்டு. படம் எடுக்கட்டும், காணும்.

அம்மாவைப் பற்றி: வாசலிலயிருந்து கடையடி மட்டும் ஓட்டோவில கொண்டுபோய் விடுங்கோ. அதுக்கங்கால படியும் சரிவும் இருக்கு, கையைப் பிடிச்சு மெல்ல ஏறலாம். செருப்புக் கழட்டின பிறகு கல் சுடும். என்ர மாமியார் ஒரு பழைய சோடிக் காலுறையைக் கைப்பைக்குள்ள வைச்சிருப்பா. வெள்ளிக்கிழமை வேண்டாம், சனம். சிவராத்திரியெண்டா அந்தப் பக்கம் பிள்ளைத்தாச்சியளையும் வயசாளியளையும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. அதுக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருவார், வீட்டு வாசலிலேயே நிறைகுடம் வைச்சுக் கும்பிடலாம். வயசாளியளுக்கு அதுதான் நல்லது.

மலைக்கோட்டை செல்வி:
நான் திருச்சி. போன வருசம் இலங்கை வந்தப்ப கோணேஸ்வரம் பார்த்தேன். எங்க ஊர்ல சின்ன வயசுலேருந்து ஒரு கதை சொல்வாங்க: ஆதிசேஷனுக்கும் வாயு பகவானுக்கும் யார் பெரியவங்கன்னு போட்டி. ஆதிசேஷன் மேருவை இறுக்கிச் சுத்திக்கிட்டார், வாயு அடிச்ச அடியில மூணு துண்டு பிய்ஞ்சு வந்து விழுந்துச்சு. ஒண்ணு காளத்தி, ஒண்ணு எங்க மலை, மூணாவது கோணமலை. எங்க ஊர் ஆட்கள் மூணாவது துண்டைப் பார்த்ததே இல்லை, பேரை மட்டும் சொல்வாங்க. அங்க போய் நின்னப்ப எனக்கு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன மாதிரிதான் இருந்துச்சு. ஒரு சந்தேகம்: சம்பந்தர் தேவாரம் பாடியிருக்காரே, அவர் நேர்ல அங்க வந்தாரா? அங்க ஒருத்தர் ஆமான்னார், ஒருத்தர் இல்லைன்னார்.

உவர்மலையான்:
@மலைக்கோட்டை செல்வி பிள்ளை, பெரியபுராணத்தின்படி அவர் இராமேச்சரத்தில நிண்டுதான் பாடினவர். கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் ரெண்டுக்கும் அங்கயிருந்துதான். ஆனா பாட்டைப் பாருங்கோ: "குரைகட லோதம் நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே". பதிகம் முழுக்க அந்த அலைச் சத்தம்தான். மலைக்குப் பின்னால நிண்டு அந்த வரியைக் காதில போட்டுக்கொண்டு கீழ பாருங்கோ. வராமலே பாடினார் எண்டு நம்பிறது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா சேக்கிழாரோட வாதாட நான் ஆரு? ஏழாம் நூற்றாண்டிலயே கடலுக்கு அங்காலயிருந்த ஆக்களுக்கு இந்த மலையின்ர பேர் தெரிஞ்சிருக்கு, அது காணும்.

பாறைப்பைத்தியம்:
மூத்தவன்ர கேள்விக்கு நான் வாறன். நான் படிச்சது நிலவியல். இராவணன் வெட்டு எண்டு நாங்கள் சொல்லுற பிளவு, மிகப் பழைய உருமாறிய பாறையில இருக்கிற விரிசல் வழியா நடந்தது. பாறைக்குள்ள இயல்பாவே நேர்கோடு மாதிரி வெடிப்புத் தளங்கள் இருக்கும். மழைத்தண்ணி இறங்கும், அடியில அலை குடையும், ஒரு பக்கத்துத் துண்டு கழண்டு விழும், மிச்சம் வாளால சீவின மாதிரி நிக்கும். திருகோணமலைக் கரையில வேற இடங்களிலயும் சின்னச் சின்னதா இப்பிடிப் பாக்கலாம்.

கன்னியாவும் அதே மாதிரித்தான். எரிமலை ஒண்டும் இல்லை. மழைத்தண்ணி விரிசல் வழியா ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பி மேல வருகுது. கிழக்கில மகாஓயாப் பக்கத்திலயும் இதே மாதிரி வெந்நீர் ஊற்று இருக்கு, எல்லாம் ஒரு பட்டியில. கன்னியாவில ஏழு கிணறும் ஒண்டுக்கொண்டு கொஞ்சம் சூடு வித்தியாசம். பையனிட்ட ஒரு வெப்பமானியைக் குடுத்துவிடுங்கோ, ஏழிலயும் தானே அளந்து எழுதட்டும்.

மூதூர்ப்பொண்ணு:
அண்ணை, அளக்கட்டும், நல்லது. ஆனா கதையையும் முழுசாச் சொல்லிப்போட்டு அளக்கச் சொல்லுங்கோ. இராவணன் தாய் கும்பிடுறதுக்காகத்தான் மலையைப் பேர்க்கப் போனவன். வயசான தாய்க்கு இவ்வளவு தூரம் வர ஏலாது, அதால கோயிலையே கொண்டுபோவம் எண்டு வாளை ஓங்கினவன். அந்த நேரம் விஷ்ணு கிழவன் வேசத்தில வந்து தாய் செத்துப்போனா எண்டு சொல்ல, கடமை செய்யத் தண்ணிக்காக வாளாலை ஏழு இடத்தில குத்தினவன். அதுதான் கன்னியா. எங்கட சனம் இண்டைக்கும் செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு அங்க போகுது. என்ர அப்பாவின்ர அந்தியேட்டியும் அங்கதான் செய்தது. அந்த இளஞ்சூட்டுத் தண்ணியைத் தலையில ஊத்தேக்க எனக்கு விரிசலும் பட்டியும் ஞாபகத்துக்கு வரேல்லை.

பாறைப்பைத்தியம்:
வரத்தான் தேவையில்லை தங்கச்சி. பையன் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னன், கதையைப் பறிக்கேல்லை.

சிவசிவா:
ஒரு கோயிலுக்குப் போறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேணுமோ? போங்கோ, பாவநாச தீர்த்தத்தைத் தலையில தெளிச்சு, மாதுமையாளையும் கோணேசரையும் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வாங்கோ. ஒல்லாந்தன் எத்தினையாம் ஆண்டில வாசல் கட்டினான் எண்டது எனக்கெதுக்கு?

உவர்மலையான்:
ஐயா, கும்பிடுறதை ஆர் வேண்டாமெண்டது? நான் சொல்லுறது இதுதான்: இப்ப நாங்கள் கும்பிடுற கட்டிடத்துக்குக் கும்பாபிசேகம் நடந்தது 1963இல. அதுக்கு முந்தி முந்நூறு வருசத்துக்கு மேல மேல கோயிலே இல்லை. ஆனா கும்பிடுறது நிக்கேல்லை. பிரிட்டிஷ்காரர் காலத்தில வெள்ளைக்காரப் பயணியள் எழுதி வைச்சிருக்கினம்: பின்னேரத்தில சனம் விளிம்பில கூடும், பூசகர் பாறை நுனிக்கு இறங்கிப் பூவையும் பழத்தையும் கடலுக்குள்ள போட்டுத் தீபம் காட்டுவார் எண்டு. சுவர் இல்லை, கூரை இல்லை, விக்கிரகம் இல்லை. கட்டிடத்தை மட்டும் கும்பிட்டிட்டு வாறவைக்கு அந்த முந்நூறு வருசச் சனத்தின்ர கும்பிடு தெரியாமப் போயிடும். வாசல் கல்லைப் பாக்கச் சொல்லுறதும் அதுக்குத்தான். அது ஒல்லாந்தன்ர கல்லில்லை ஐயா, எங்கடை கோயிலின்ர கல்.

சிவசிவா:
உவர் சொல்லுறதில விசயம் இருக்கு. விளிம்பில நிண்டு கும்பிட்டதை என்ர பாட்டனும் சொல்லுவார்.

தம்பலகாமத்தான்:
இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எங்கட ஊரை ஒருத்தரும் இழுக்கேல்லை. கோயிலை இடிக்கேக்க எல்லாம் போகேல்லை. கொஞ்ச விக்கிரகத்தை மண்ணுக்குள்ள புதைச்சினம், கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவை. காட்டு வழிய கொண்டுவந்து கழனிமலையில ஒளிச்சு வைச்சவை எண்டது எங்கட ஊர்க்கதை. பிறகு கண்டி அரசன் ரெண்டாம் இராசசிங்கன்ர காலத்தில தம்பலகாமத்தில கோயில் எழும்பினது, அதுதான் ஆதிகோணேஸ்வரம். டவுணிலயிருந்து கண்டி றோட்டால வந்தா இருபத்திச்சொச்சம் கிலோமீற்றர். சுத்திவர வயல். மலையையும் கடலையும் எதிர்பாத்து வராதேங்கோ. ஆனா கோணமலையைப் பாத்தவன் அடுத்ததாப் பாக்க வேண்டிய இடம் நிலாவெளி இல்லை, தம்பலகாமம். இதில எனக்குப் பக்கச்சார்பு இருக்கு, இருக்கட்டும்.

வவுனியாக்காரன்:
மண்ணுக்குள்ள புதைச்சது பிறகு கிடைச்சதோ அண்ணை?

தம்பலகாமத்தான்:
ஓம். 1950இல மலைக்குக் கிட்டக் கிணறு வெட்டேக்க வெண்கல விக்கிரகங்கள் வந்தது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார். அதுதான் திரும்பக் கோயில் கட்ட வேணுமெண்ட எண்ணத்துக்கு உரம் போட்டது. மிச்சத்தைக் கடல் தந்தது. அதைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

சுழியோடி:
கூப்பிட்டமாதிரிக் கிடக்கு. 1956இல விண்வெளிக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்ற கூட்டாளி மைக் வில்சனும் மலையடியில சுழியோடினவை. தூண், செதுக்கின கல், படிக்கல் எண்டு பாறைகளுக்கிடையில கோயில் சிதறிக் கிடந்தது. அங்கயிருந்து எடுத்த லிங்கம் கோயிலில இருக்கு. இதில எனக்குப் பிடிச்ச பகுதி வில்சன்தான். சுறாவும் பவளப்பாறையும் பாக்க வந்த மனிசன், கடைசியில சிவகல்கி சுவாமியெண்டு காவி கட்டி இலங்கையிலயே இருந்தவர். கிளார்க்குக்கு விண்வெளி, வில்சனுக்கு கோணேசர்.

இப்பவும் அடியில கல்லுகள் கிடக்கு. ஆனா நீரோட்டம் பொல்லாதது, பழகினவை கூட்டிக்கொண்டு போனாலொழிய இறங்கக் கூடாது. இறங்காமலே பாக்க ஒரு வழி இருக்கு: கடல் அடங்கின காலத்தில போட்டில போய்க் கீழயிருந்து மலையை அண்ணாந்து பாருங்கோ. மேலயிருந்து பாக்கேக்க வெட்டு ஒரு கீறல். கீழயிருந்து பாத்தா இராவணன் ஏன் இதைத் தெரிவு செய்தான் எண்டு விளங்கும்.

இன்னொண்டு. பங்குனி, சித்திரைப் பக்கம் வந்தா காலமை விளிம்பில கண்ணை வைச்சிருங்கோ. திருகோணமலைக்குக் கிட்டவே கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு இருக்கு, கரையிலயிருந்து கொஞ்சத் தூரத்திலயே ஆழம் பாய்ஞ்சு இறங்கிடும். அதால நீலத்திமிங்கிலம் கரைக்கு அண்டி வரும். வெள்ளைப் புகை மாதிரி நேரா மேல ஊதும், அதுதான் அடையாளம். பைனாகுலர் இருந்தாக் கொண்டு வாங்கோ. காசு குடுத்துப் போட்டில போய்த் துரத்திறதைவிட மலையில நிண்டு பாக்கிறது அதுகளுக்கும் நிம்மதி.

கச்சான்கோது:
அந்தக் காதலர் பாய்ஞ்ச இடம் எங்க இருக்கு? ஒல்லாந்துப் பெட்டை ஒண்டு காதலன் கப்பலேறிப் போனதைப் பாத்துக் குதிச்சதெண்டு வழிகாட்டி ஒருத்தர் கண்ணீர் விடாத குறையாச் சொன்னவர்.

உவர்மலையான்:
கோயிலுக்குப் பின்பக்கம் உயரத்தில ஒரு தூண் நிக்கும். அதுவும் பழைய கோயில் தூண்தான். அதில ஒல்லாந்த மொழியில பிரான்சினா வான் ரீட் எண்ட பேரும் 1687 ஏப்ரல் 24 எண்ட திகதியும் வெட்டியிருக்கு. கதை அந்தத் தூணைச் சுத்தி முளைச்சது. ஆனா அந்தப் பிள்ளை குதிக்கேல்லை. மலையாளக் கரையின்ர மூலிகையளைப் பற்றி ஹோர்துஸ் மலபாரிக்கஸ் எண்ட பெரிய நூலைத் தொகுப்பிச்ச வான் ரீட் இருக்கிறாரே, அவற்ற வளர்ப்பு மகள். 1687க்குப் பிறகும் வாழ்ந்து, கலியாணமும் கட்டினவ. வழிகாட்டிமாருக்கு இது சந்தோசமான செய்தியில்லை.

எனக்கு அந்தத் தூணில பிரான்சினாவைவிடத் தூண்தான் பெரிசு. ஒரு கோயில் தூண், கோயில் போனபிறகும் நிண்ட இடத்துக்குக் கிட்டவே நிண்டு, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின்ர பேரைச் சுமந்துகொண்டு கிடக்கு.

மலைக்கோட்டை செல்வி:
இந்தத் தகவல் எல்லாம் ஒரு பலகையில எழுதி வச்சா என்னங்க? நான் அந்தத் தூணைப் பார்க்கவே இல்லை. பெரிய சிவன் சிலை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு, இராவணன் கைகூப்பி நிக்கிற சிலையைப் பார்த்துட்டு, மரத்துல கட்டியிருக்கிற தொட்டில்களை எல்லாம் பார்த்து நின்னுட்டு இறங்கிட்டேன். தொட்டில் பார்த்தப்ப மட்டும் மனசு என்னவோ பண்ணுச்சு. எத்தனை பேரோட வேண்டுதல்.

மூதூர்ப்பொண்ணு:
அதிலொண்டு என்ர அக்கா கட்டினது. பிள்ளை இப்ப ஏ எல் படிக்குது.

வவுனியாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இப்ப யோசிக்கிறது இப்பிடி: வவுனியாவிலயிருந்து ஹொறவப்பொத்தானை றோட்டால வாறம், கன்னியா வழியிலதானே வரும். முதல் நாள் பின்னேரம் அங்க இறங்கி, அடுத்த நாள் காலமை மலை. அம்மா ஓட்டோவில, நாங்கள் நடந்து. பிறகு ஒரு நாள் மிச்சம் இருக்கு. தம்பலகாமமோ, இல்லாட்டி வடக்க வேறையும் மலை இருக்கெண்டு சொல்லுறாங்கள், திரியாய்ப் பக்கம்?

பாறைப்பைத்தியம்:
கன்னியா ஒழுங்கு சரி. டவுணுக்கு எட்டுக் கிலோமீற்றர் முன்னால திரும்பிற சந்தி வரும், பலகை இருக்கு. ரிக்கெற் எடுக்க வேணும். கிணத்துக்குள்ள இறங்க விடமாட்டினம், வாளியால அள்ளி ஊத்தலாம். மாத்து உடுப்புக் கொண்டு வாங்கோ, பின்னேரம் பொழுதுபடப் பூட்டிப்போடுவினம்.

உவர்மலையான்:
திரியாய் போகலாம். நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை றோட்டால போய் உள்ளுக்குத் திரும்ப வேணும். ஊர்ச்சனம் கந்தசாமி மலையெண்டு சொல்லுற மலை. மேல வட்டமாக் கல்தூண்கள் நிக்கிற பழைய தாதுகோபம் இருக்கு, புத்தற்ற முடியைத் தபசு, பல்லுகர் எண்ட ரெண்டு வணிகர் கொண்டுவந்த கதை அதுக்கு. பாறையில சமஸ்கிருதக் கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில. கருங்கல் படி கனக்க, அம்மாவுக்கு ஏலாது. அங்கத்தைய காணியளைப் பற்றி ஊராக்களுக்கு நீண்ட நாள் மனக்குறை இருக்கு. போனா ஊருக்குள்ள ஒரு பிளேன்ரீ குடிச்சு, அவையளோடயும் நாலு கதை கதைச்சிட்டு வாங்கோ.

பழசு பாக்கிற பிள்ளையெண்டா இன்னொரு இடமும் இருக்கு: பெரியகுளத்துக்குக் கிட்ட வில்கம் விகாரை. சோழர் காலத்தில இராஜராஜப் பெரும்பள்ளியெண்டு பேர் வாங்கின பௌத்தப் பள்ளி. தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு. தமிழன் எண்டா சைவன், பௌத்தன் எண்டா சிங்களவன் எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு வாறவை அங்க கொஞ்ச நேரம் நிண்டு வாசிக்கலாம்.

தம்பலகாமத்தான்:
அம்மாவோட எண்டா தம்பலகாமம். படி இல்லை, மலை இல்லை, வான் வாசலுக்கே வரும். காலமைப் பூசைக்கு வாங்கோ.

கச்சான்கோது:
புல்மோட்டை மட்டும் போனால் அரிசிமலைக் கடற்கரையை விட்டிடாதேங்கோ. மணல் அரிசிமணி மாதிரியே இருக்கும். பிள்ளையள் அள்ளிப் பைக்குள்ள போடப் பாக்குங்கள், விடாதேங்கோ.

சுழியோடி:
மாசத்தைச் சொல்லேல்லையே அண்ணை? ஐப்பசி தொடங்கித் தை மட்டும் வாடைக்காலம், மழையும் கடல் கொந்தளிப்பும். போட்டும் ஓடாது, திமிங்கிலமும் இல்லை. ஆனி, ஆடியெண்டா கச்சான் காற்று, பகலில முகத்தில நெருப்பை ஊதினமாதிரி இருக்கும்.

வவுனியாக்காரன்:
சித்திரை லீவுக்கு. புதுவருசம் முடிஞ்ச கையோட.

சுழியோடி:
அப்ப நல்ல நேரம். பைனாகுலர் இல்லாட்டிச் சொல்லுங்கோ, டச்பே கரையில நிப்பன், என்ரயைத் தாறன். திருப்பித் தர வேணும்.